கழுத்தால் பாறை ஏறுகிறவர்

கை வேண்டாம், கால் வேண்டாம், வெறும் கழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு நூறடிப் பாறையை ஏறி இறங்கக்கூடிய ஓர் இனம் நம்மிடையே வாழ்ந்துவருகிறது. ஆராய்ச்சிக்காரர்கள் யாரும் இதுவரை இதைப் பற்றி எழுதியதாகத் தெரியவில்லை. அவர்களில் பாதிப்பேர் இந்த இனத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம்.

நீங்கள் இவரைப் பார்த்திருக்கிறீர்கள். காரைப் பின்னால் எடுக்கும்போது எங்கிருந்தோ முளைத்து, "வா, வா, இன்னும் வா, நெறைய எடம் இருக்கு" என்று கையாட்டிக் கூப்பிட்டு, டமால் என்று சத்தம் கேட்டதும் "நான்தான் நிறுத்தச் சொன்னேனே" என்றவர் இவர்தான். கல்யாண வீட்டில் வாழைமரம் கட்டுகிறவரிடம் "கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு" என்று சொல்லி, அவர் நிமிர்த்தியதும் "இப்ப அந்தப் பக்கம் சாய்ஞ்சிருச்சு" என்றவரும் இவரே. தொலைக்காட்சியில் பேட்மிண்டன் ஆடுகிறவனை, சோபாவில் சாய்ந்து முறுக்கு கடித்தபடி, "நெட்டுக்கு வாடா, நெட்டுக்கு வா!" என்று விரட்டுகிறவரும் வேறு யாரும் இல்லை. ஆனால் இதெல்லாம் சில்லறை வேலை. இந்த இனம் கொழுத்துச் செழித்துத் திரிவதைப் பார்க்கவேண்டுமானால் பாறையடிக்கு வரவேண்டும்.

ஏன் பாறையடி? யோசித்துப் பாருங்கள். இரண்டு கையாலும் கல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவனால் காதைப் பொத்திக்கொள்ள முடியாது. எழுந்து போகவும் முடியாது. திருப்பி ஒன்று கொடுக்கவும் முடியாது. அறிவுரை சொல்வதற்கு இவனைவிடத் தோதான ஆள் எங்கே கிடைப்பான்?

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் கயிறு பிடிக்கிறவன். மேலே ஏறுகிறவர் இடுப்பில் ஒரு முனை, உச்சியில் ஒரு வளையம், மறுமுனை கீழே என் இடுப்பில். அவர் விழுந்தால் என் எடை அவரைத் தாங்கும். ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இந்த வேலை. அதாவது ஆறு வருடமாக இந்த இனத்துக்குப் பக்கத்திலேயே, காதுக்குப் பத்து அங்குல தூரத்தில், நகர முடியாமல் நின்றுகொண்டிருக்கிறேன்.

எங்கள் கூட்டம் பதினான்கு பேர். அதில் இந்த இனத்தின் பிரதிநிதி, நான்கு வருடத்துக்கு முன்னால் வந்து சேர்ந்த லோகேஸ்வரன் அண்ணன், சுருக்கமாக லோகா அண்ணன். வயது நாற்பத்தாறு. சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், தம்போயில் ஏர்கோன் பொருத்தும் கடை வைத்திருக்கிறார். இருபது வருடமாக அவருடைய ஆட்கள் ஏணியில் ஏறுகிறார்கள், இருபது வருடமாக இவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நிற்கிறார். கழுத்து அங்கே பழகியது.

பாறையேறும் சாமான் என்று பார்த்தால், எங்கள் எல்லாரிடமும் இருப்பதைவிட அவர் ஒருவரிடம் அதிகம். சிங்கப்பூரில் வாங்கிய காலணி, அதன் அடியில் நான்கு வருடமாக உரியாமல் இருக்கிற விலைத்தாள், நடக்கும்போது கோயில் மாடு மாதிரிக் கிணுகிணுக்கிற கொக்கிகள். வழுக்காமல் இருக்க உள்ளங்கையில் பூசுகிற வெள்ளைப் பொடியை, வண்டியை விட்டு இறங்கியதும் முதல் ஆளாகப் பூசிக்கொள்வார். பூசிய கைகளை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நிற்பார். பத்து மணிக்குப் பார்த்தால் கால்சட்டையின் இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளைக் கைகள் இருக்கும். அன்றைய ஏற்றம் அத்தோடு முடிந்தது.

ஏன் ஏறவில்லை என்று கேட்டுவிடாதீர்கள். தோள்பட்டை. அது போன வாரம். அதற்கு முந்தின வாரம் காலையில் ரொட்டி சானாய் மூன்று ஆகிவிட்டது. அதற்கு முன்னால் பாறை ஈரம். பாறை காய்ந்திருந்த வாரம் வெயில். வெயிலும் இல்லாத வாரம், "இன்னைக்கு நீங்க ஏறுங்க, நான் பாத்துக்கறேன்" என்று ஒரு பெருந்தன்மை.

ஆனால் கழுத்தால் ஏறுவார் பாருங்கள்! எங்கள் கூட்டத்தில் கெட்டிக்காரி ரசியா. செடெனாக்கில் பள்ளி ஆசிரியை. முப்பது அடி உயரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த பிடியைத் தேடிக்கொண்டிருப்பாள். அப்போது கீழே தொடங்கும்.

"ரசியா, எடது கால்! எடது காலத் தூக்கு!"

"எடது கால்லதான் அண்ணே நிக்கிறேன்!"

"அதத்தான் தூக்கச் சொல்றேன்!"

அவள் இவர் பேச்சைக் காதில் வாங்காமல் தன் வழியில் ஏறி உச்சியைத் தொட்டால், "பாத்தியா, நான் சொன்ன மாதிரி செஞ்சா" என்பார். வழுக்கி விழுந்து கயிற்றில் தொங்கினால், "நான் சொன்னதக் கேக்கல லா" என்பார். இரண்டில் எது நடந்தாலும் ஏறியது அவர்தான்.

இதெல்லாம் நடக்கிற இடம் காஹாங்குக்கு வெளியே, எண்ணெய் எடுக்கிற செம்பனைகளுக்கு நடுவே மூன்று பெரிய கல்லாக நிற்கிற அடுப்புக்கல் பாறை. ஒரு பக்கம் சதுப்பு, ஒரு பக்கம் ஆறு. போக இருப்பது ஒரே மண்சாலை. அந்தச் சாலை பேச்சியம்மாள் அக்காவின் எட்டு ஏக்கர் நிலத்துக்குள்ளே போகிறது.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பிக்கப் வண்டியைத் தானே ஓட்டுவார். முப்பது வருடம் தோட்டத்தில் குலை வெட்டிச் சேர்த்த காசில் வாங்கிய நிலம். செம்பனைக் குலை வெட்டுவது எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மரத்தில் ஏறுகிற வேலை இல்லை. மரத்தடியில் நின்றுகொண்டு, நுனியில் அரிவாள் கட்டிய நீளக் கம்பைத் தூக்கி, மட்டைக்குள் ஒளிந்திருக்கிற காம்பை அண்ணாந்து பார்த்தே கண்டுபிடித்து அறுக்கவேண்டும். இதை ஒரு மூலையில் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் அக்கா இதுவரை எதுவும் கேட்டதில்லை. "விழுந்து கிழுந்து வைக்காதீங்கப்பா, ஆம்புலன்ஸ் உள்ள வர எடமில்ல" என்பதோடு சரி. நாங்களும் தானுண்டு பாறையுண்டு என்று இருந்தோம், லோகா அண்ணன் வேனுக்கு வழி காட்டுகிற வரைக்கும்.

அக்காவின் சாலையில் ஒரு வாய்க்கால் குறுக்கிடுகிறது. மேலே பலகைப் பாலம். சின்ன வண்டிகள் ஒவ்வொன்றாகப் போகலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களில் ஒன்பது பேரும் சாமானுமாக ஒரு வேன் வந்தது. ஓட்டியவர் தயங்கினார். லோகா அண்ணன் இறங்கி, பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்று, இரண்டு கையையும் தூக்கினார். "வா, வா, இன்னும் வா, நெறைய எடம் இருக்கு!"

இரண்டு பலகை முறிந்தது. வேன் வாய்க்காலுக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு அரை நாள் கிடந்தது. தள்ளுவண்டியில் குலையைப் பாலம் தாண்டிக் கொண்டுவர முடியாமல், ஏற்ற வந்த லோரி சாலை முனையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. மறுபடி மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. அதற்குள் இரண்டு டன் குலை அழுகிவிட்டது. "பலகை பழசு" என்றார் லோகா அண்ணன்.

மறுவாரம் போனபோது சாலையை மறித்துச் சங்கிலி. சங்கிலியில் கைப்பிடி அளவு பூட்டு. பூட்டுக்குப் பக்கத்தில் பேச்சியம்மாள் அக்கா.

"சிமெண்டுல பாலம் போட்டுக் குடுங்க. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். இல்லன்னா ஒரு காடியும் உள்ள வரக்கூடாது, ஒரு ஆளும் வரக்கூடாது. அந்தப் பக்கமே மரம் நட்டுருவேன்."

சிரிப்பாகத்தான் எழுதிக்கொண்டு வருகிறேன். ஆனால் அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாரத்தில் ஆறு நாள் விடியாத பொழுதில் மோட்டார்சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன் நான். ஏழாவது நாள் அந்தக் கல்லடியில் நிற்கப்போகிறோம் என்பதுதான் மீதி ஆறு நாளையும் தள்ளுகிறது. எங்களுக்கு வேறு பாறை இல்லை.

பாலத்துக்குப் பதினோராயிரம் வெள்ளி பணம் வேண்டும். நிதி திரட்டும் குழுவுக்குத் தலைவர் யார்? கேட்கவும் வேண்டுமா? நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. நாங்கள் நிமிர்ந்து பார்த்தபோது அவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்.

கழுத்தால் பாறை ஏறுகிறவர் கழுத்தாலேயே நிதியும் திரட்டுவார். நாங்கள் சட்டை அச்சடித்து விற்றோம். அவர் எழுத்து சின்னதாக இருக்கிறது என்றார். பெரிதாக்கினோம். சட்டை சின்னதாக இருக்கிறது என்றார். பெட்ரோல் நிலையத்தில் நின்று கார் கழுவினோம். அவர் ஒவ்வொரு காரையும் சுற்றி வந்து, "இங்க அழுக்கு, இங்க அழுக்கு" என்று தொட்டுக் காட்டினார். பழக்கதோஷத்தில் கையில் வெள்ளைப் பொடி பூசியிருந்தார். ஒரு கறுப்புக் காரை மூன்று தடவை கழுவினோம். எப்படியோ ஏழாயிரம் சேர்ந்தது. பிறகு ஒரு வெள்ளிகூட நகரவில்லை, கையில் இருந்தது பத்து நாள்.

கடைசிக் கூட்டம் தம்போயில் பைரோஸ் பாய் சாப்பாட்டுக் கடையில். லோகா அண்ணன் இரண்டு மணி நேரம் பேசினார். ரசியா யாரிடம் போய் எப்படிக் கேட்கவேண்டும், கேட்கும்போது எப்படி நிற்கவேண்டும், எந்தக் கையை நீட்டவேண்டும் எல்லாம் சொன்னார். கல்லாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பைரோஸ் பாய்க்கு ஒரு கட்டத்தில் பொறுக்கவில்லை.

"லோகா, இன்னும் எவ்ளோ வேணும்?"

"நாலாயிரம் பாய்."

"நான் தரேன்."

ரசியாவுக்குக் கண் கலங்கியது. பாய் எழுந்து அடுப்படிக்குப் போனார். தோசை தயாரானால் சமையல்காரர் தட்டுகிற பித்தளை மணியைக் கழற்றிக்கொண்டு வந்து, லோகா அண்ணன் முன்னால் மேசையில் வைத்தார்.

"இத அந்தக் கல்லு உச்சியில கட்டுங்க. லோகா ஏறி அடிக்கட்டும். சத்தம் கேட்ட எடத்துலயே பணத்த எண்ணி வெக்கிறேன்."

லோகா அண்ணன் குடித்துக்கொண்டிருந்த தே தாரிக் டீயைக் கீழே வைத்தார். "பாய், எனக்குத் தோள்பட்டை…"

"தோள்பட்டைக்கு எண்ணெயும் நானே தரேன்."

"அண்ணே," என்றாள் ரசியா, "பாதை போச்சுன்னா போச்சு. ஏறிடுங்கண்ணே."

அப்படிக் கேட்டால் அவர் என்ன செய்வார், பாவம்? ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று ஒரு நாளைக்கு நடந்து போக மட்டும் அக்கா அனுமதி கொடுத்திருந்தார். தானும் நிலத்துக்குள் இருக்கிற வீட்டிலிருந்து பிக்கப்பில் வந்து, பாறைக்கு எதிரே நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மடியில் சாவிக்கொத்து. பைரோஸ் பாய் குடை பிடித்துக்கொண்டு நின்றார். ரசியா முதலில் ஏறி வளையத்தில் கயிற்றைக் கோத்து, பக்கத்தில் ஒரு கயிற்றுத் துண்டில் மணியைத் தொங்கவிட்டு இறங்கினாள். இறங்கியதும் லோகா அண்ணனின் காலணி அடியில் இருந்த விலைத்தாளை அவளே உரித்தாள். நான் அவர் இடுப்பு வாரை இரண்டு முறை சோதித்தேன். அவர் மூன்றாம் முறையும் சோதிக்கச் சொன்னார். அதற்குமேல் சோதிக்க எதுவும் இல்லாததால் ஏறினார்.

ஆறடி. எட்டடி. பரவாயில்லையே என்று நினைத்தேன். பத்தடியில் ஒரு கணம் நின்றார். ஒரே ஒரு கணம்தான். அது போதாதா? நான்கு வருடமாக வாங்கிக் கட்டிக்கொண்ட பதின்மூன்று பேர், அவர்களோடு வேடிக்கை பார்க்க வந்த இருபது பேர், எல்லார் கழுத்தும் ஒன்றாக அண்ணாந்தது. "எடது கால் அண்ணே, எடது கால்!" என்று ஒருவன் தொடங்க, "எடது இல்ல, வலது!" என்று இன்னொருவன் மறிக்க, "கால விடுங்க, மொதல்ல கைய மாத்துங்க" என்று மூன்றாவது குரல் குறுக்கே வர, "ஈஸி லா அண்ணே, அங்கதான் இருக்கு, கைய நீட்டுங்க" என்று அவருடைய வசனத்தையே ஒருத்தி அவருக்குத் திருப்பிச் சொல்ல, ஜென்மத்தில் ஒரு படிக்கட்டுகூட மூச்சு வாங்காமல் ஏறியிராத பைரோஸ் பாய், "லோகா, வயித்த உள்ள இழு!" என்று குடையால் சுட்டிக்காட்ட, அவர் காலைத் தூக்கி, வைத்து, கையை எடுத்து, திரும்பப் போட்டு, கடைசியில் கன்னத்தைக் கல்லில் பதித்துப் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"அலமாக்! எல்லாரும் கொஞ்ச நேரம் வாய மூடுங்களேன்!"

இதைச் சொன்னது யார்? லோகா அண்ணன்! நானே மேலே பார்த்து உறுதி செய்துகொண்டேன். அடுப்புக்கல் பாறையடியில் அத்தனை வருடத்தில் முதல் முறையாக ஒரு சத்தமும் இல்லை. செம்பனை மட்டைகள் உரசுவது கேட்டது.

அந்த அமைதியில் பிக்கப்பிலிருந்து ஒரு குரல் வந்தது.

"தம்பி, ஒன் வலது முழங்கைக்கு மேல ஒரு வெடிப்பு இருக்கு பாரு. நாலு வெரல உள்ள விடு."

பேச்சியம்மாள் அக்கா! இறங்கி நின்று, புருவத்துக்குமேல் கையை வைத்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். லோகா அண்ணன் தடவினார். வெடிப்பு இருந்தது. நான்கு விரல் சரியாக உள்ளே போனது.

"ம். இப்ப எடது கால அந்தக் கறுப்புக் கறைக்கு மேல வை. கறையில வெக்காத, வழுக்கும். அதுக்கு மேல. அங்கதான். எந்திரி."

எழுந்தார். ஆறு வருடமாக அந்தக் கல்லில் புரளும் எங்களுக்குத் தெரியாத பிடியெல்லாம், ஒரு நாளும் அதைத் தொட்டிராத அந்த அம்மாளுக்குத் தெரிந்தது. முப்பது வருடமாக அண்ணாந்து பார்த்து ஒளிந்திருக்கிற காம்பைத் தேடிய கண். "பின்னால ஒரு குழி. ஆங், அதுல." இருபதடி. முப்பதடி. "அவசரப்படாத, மூச்சு விடு." ஐம்பது. எழுபது. என் கையில் கயிறு வேர்வையில் நனைந்தது. பைரோஸ் பாய் சட்டைப்பைக்குள் கையை விட்டார். ரசியா என் தோளை நகம் பதியப் பிடித்திருந்தாள். மணி அவர் தலைக்குமேல் ஒரு முழத்தில் தொங்கியது.

"அவ்ளோதான். எடது கையால ஒரு எட்டு எட்டு, அடிச்சிரலாம்."

அங்கேதான், அன்பர்களே, இனத்தின் குணம் தலைதூக்கியது. தொண்ணூறு அடி உயரத்தில், உயிர் ஒரு கயிற்றில் தொங்க, லோகா அண்ணன் மெதுவாகக் கீழே திரும்பிப் பார்த்தார்.

"இல்லக்கா. இந்த எடத்துல வலது கைதான்."

"வலது கைய எடுத்தா நீ எதப் புடிச்சு நிப்ப? எடது!"

"நான் நாலு வருஷமா இத சொல்லிக் குடுக்கறேன்க்கா. வலது."

வலது கையை எடுத்தார். மறுகணம் ஆள் பாறையில் இல்லை. கயிறு இறுகி என்னைத் தரையிலிருந்து அரையடி தூக்கியது. அவர் மணிக்குக் கீழே எட்டாத தூரத்தில் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். மணி காற்றில் ஆடியது. சத்தம் வரவில்லை. பைரோஸ் பாய் சட்டைப்பையிலிருந்து வெறும் கையை எடுத்தார்.

அவ்வளவுதான், போய்விட்டது என்று நினைத்தேன். ரசியா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவரை மெதுவாக இறக்கினேன். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பேச்சியம்மாள் அக்கா சாவிக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று எங்களை நோக்கி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"சொன்னா கேட்டானா பாத்தீங்களா? எடது கைன்னு தொண்ட கிழியக் கத்தறேன்! கண்ணுக்கு முன்னால அவ்ளோ பெரிய மேடு இருக்கு, எடது கைக்கு!"

"அக்கா, பாலத்துக்கு இன்னும் நாலாயிரம்…" என்றாள் ரசியா எழுந்து.

"பாலம் கெடக்கட்டும் புள்ள! இருக்கிற காசுக்கு சிமெண்டு வாங்குங்க. வாய்க்கால்ல வெக்கிற பெரிய குழா என் கொட்டகையில நாலு கெடக்கு, எடுத்துப் போடுங்க. ஆனா இவன் அடுத்த ஞாயித்துக்கெழம வரணும். எடது கையா வலது கையான்னு நான் காட்டறேன் இவனுக்கு!"

அன்று மாலையே சங்கிலியைக் கழற்றிக் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டார்.

பாலம் இப்போது சிமெண்டில் இருக்கிறது. அதைப் போட்டது இரண்டு பேர், எப்படிப் போடவேண்டும் என்று சொன்னது இருபது பேர். கொஞ்சம் கோணல்தான், ஆனால் இப்போது லோரியே உள்ளே போகிறது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே பாறையடியில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கும். அதில் பேச்சியம்மாள் அக்கா, பக்கத்தில் தே ஓ டீ பிளாஸ்க், கழுத்தில் தைலம். பைரோஸ் பாயும் கடையை மைத்துனரிடம் விட்டுவிட்டு வந்துவிடுகிறார். லோகா அண்ணன் வாராவாரம் ஏறுகிறார். இறங்கியதும் அக்காவும் அவரும் மதியம் வரை இடது, வலது என்று சண்டை போடுகிறார்கள்.

மணி இன்னும் அடிக்கப்படவில்லை. அதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது, உங்களோடு இருக்கட்டும். அண்ணன் நன்றாகத் தேறிவிட்டார். இரண்டாம் வாரமே அடித்திருப்பார். ஆனால் மணி அடித்துவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு இந்தப் பாறையில் என்ன வேலை? நாற்காலி வீட்டுக்குப் போய்விடும், சங்கிலி ஆணியிலிருந்து இறங்கி வந்துவிடும். அதனால் ரசியா முதலில் ஏறும்போது மணிக் கயிற்றை ஒரு சாண் சுருக்கிக் கட்டிவிட்டு இறங்குகிறாள். பாய்க்கு இது தெரியும். நாலாயிரம் மிச்சம் என்பதால் அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கட்டுகிறவள் ரசியாதான். "இன்னும் கொஞ்சம் மேல, இல்ல, எடது பக்கம், முடிச்ச நல்லா இறுக்கு" என்று கீழேயிருந்து சொல்கிறவன் மட்டும் நான்.

நானா? சேச்சே, நான் அந்த இனம் இல்லை. நான் கயிறு பிடிக்கிறவன்.

நீங்களும் இல்லை என்கிறீர்கள். சரி. சாய்வாக உட்கார்ந்து படித்துக்கொண்டு வந்தீர்கள். அந்த வேனை எப்படி ஓட்டியிருக்கவேண்டும் என்று உங்களுக்கு உடனே தெரிந்தது. ஏழாயிரத்துக்கு இரும்புப் பாலமே போட்டிருக்கலாம் என்றும் தோன்றியது. போகட்டும், அதெல்லாம் யாருக்கும் தோன்றும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பாறையை நீங்கள் பார்த்ததில்லை. காஹாங் பக்கம் வந்ததுகூட இல்லை. அப்படியிருக்க, அந்தக் கடைசிப் பிடிக்கு இடது கையா வலது கையா என்பதில் உங்களுக்கு ஓர் அபிப்பிராயம் வந்துவிட்டதா, இல்லையா?

வந்துவிட்டதல்லவா? ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்துவிடுங்கள். நாற்காலியை மட்டும் நீங்களே கொண்டுவரவேண்டும்.